கடற்காற்றில் கிட்டார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிட்டார் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருப்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் நிறைய தொண்டியில் தொடங்கி சாயல்குடி வரைக்குமான கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. அந்த ஊர்க் காற்றுக்கென்று தனிப் பிரச்சினைகள் இருப்பதால் இந்த முறை அவர்களுக்கு மட்டும் பதில். பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, ஆன்லைனில் ஒரு பாக்ஸ் கிட்டார் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. விரல் நுனி எரிகிறது. ஜி கார்டு (பல சுரம் சேர்ந்து ஒலிக்கும் ஒரு பிடி) பிடித்தால் பாதிக் கம்பியில் சத்தமே வருவதில்லை. மெல்லிய கம்பி இரண்டிலும் துரு பிடித்துவிட்டது. கூடப் படிக்கும் நண்பன் அதற்குள் முழுப் பாட்டு வாசிக்கிறான். எனக்குக் கை வராது போல, விற்றுவிடலாமா? (கல்லூரி மாணவர், பாம்பன்)

விற்க வேண்டாம் தம்பி. நீங்கள் எழுதியிருப்பதில் உங்கள் கையைக் குறை சொல்ல எதுவுமே இல்லை, கிட்டார் சரியில்லை என்பதற்குத்தான் அடையாளங்கள் இருக்கின்றன. புதிதாகத் தொடங்கி இரண்டாம் மாதத்தில் விட்டுவிடுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான், கருவி செய்கிற குற்றத்தைத் தங்கள் விரல் மேல் போட்டுக்கொண்டு விலகிப் போகிறார்கள், எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆற்றாமையாக இருக்கும்.

விலை குறைந்த கிட்டார்கள் பெட்டியிலிருந்து வரும்போது கம்பி தேவைக்கு அதிகமான உயரத்தில்தான் நிற்கும். உயரமாக இருந்தால் கம்பி எங்கேயும் உரசி இரையாது, வாங்கியவர் திருப்பி அனுப்பமாட்டார், அதனால் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இந்த உயரத்தை வாசிப்பவர்கள் ஆக்‌ஷன் என்பார்கள். வீட்டிலேயே அளந்துவிடலாம். எழுத்து புடைக்காத ஏடிஎம் அட்டை எந்த வங்கியுடையதாக இருந்தாலும் தடிமன் 0.76 மில்லிமீட்டர். கிட்டாரைச் சுருதி சேர்த்துவிட்டு, கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளான ஃபிரெட்டுகளில் தலைப்பக்கத்திலிருந்து பன்னிரண்டாவதற்கும் மேலே ஓடும் தடித்த ஆறாவது கம்பிக்கும் நடுவில் அட்டைகளை அடுக்கிச் செருகிப் பாருங்கள். மூன்று அட்டை லேசாக உரசிக்கொண்டு நுழைந்தால் உயரம் சரி. நான்கு அட்டை தாராளமாகப் போய் மேலேயும் இடம் இருந்தால் உங்கள் எரிச்சலுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. அப்புறம் ஒவ்வொரு கம்பியாக மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு முதல் ஃபிரெட்டுக்கு மேல் கண்ணை வைத்துப் பாருங்கள், ஒரு தாள் நுழையும் அளவுக்குத்தான் அங்கே இடைவெளி இருக்க வேண்டும், அதற்கு மேல் இருந்தால் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கி நிற்கும் நட் உயரம். ஜி, சி மாதிரித் தொடக்கக் கார்டுகள் எல்லாம் அந்த முதல் மூன்று ஃபிரெட்டில்தான் இருக்கின்றன, நட் உயரமாக இருந்தால் ஆரம்பத்தில் படிப்பவர்தான் முழு வலியையும் வாங்குவார்.

சரி செய்வது பெரிய செலவில்லை. கீழே கம்பிகள் முடிகிற பிரிட்ஜில் நிற்கும் வெள்ளைத் துண்டு, சேடில், அதை வெளியே எடுத்து அடிப்பக்கத்தை மட்டும் உப்புத்தாளில் சமமாகத் தேய்க்க வேண்டும். உப்புத்தாளைக் கண்ணாடி மேல் ஒட்டிக்கொண்டு தேய்த்தால் கோணாது. சேடிலில் ஒரு மில்லிமீட்டர் குறைத்தால் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அரை மில்லிமீட்டர்தான் இறங்கும், ஆகவே கொஞ்சம் தேய்த்து, மாட்டிப் பார்த்து, மறுபடி தேய்க்க வேண்டும். கை நடுங்கினால் உபரியாக ஒரு சேடில் வாங்கி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். நட்டில் இருக்கும் பள்ளங்களை மட்டும் நீங்கள் தொடாதீர்கள், ஒரு கோடு அதிகமாக அறுத்துவிட்டால் திரும்பாது. மதுரையில் பழுது பார்க்கும் கைத்தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் ஒருமுறை கொண்டு போங்கள்.

இப்போது துரு. மெல்லிய இரண்டு கம்பிகளும் வெறும் எஃகு. மற்ற நான்கும் எஃகின் மேல் செம்புக் கலவைக் கம்பி சுற்றியவை, அதனால் அவை துருப்பிடிக்காமல் கறுத்து மங்கிப் போகும். காற்றில் வருகிற உப்பு கம்பி மேல் படிந்து, வெயில் காய்கிற நாளில்கூடக் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், விரல் வியர்வையில் இருக்கும் உப்பும் அதோடு சேரும். உங்கள் ஊருக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. 1914இல் திறந்த பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதே உப்புக் காற்று இரும்பைத் தின்றதால்தான். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பைப் பரிசோதிக்க மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது. அப்பேர்ப்பட்ட காற்றில் கால் மில்லிமீட்டர் கனத்தில் ஒரு எஃகுக் கம்பியை ஜன்னலோரம் தொங்கவிட்டால் என்ன ஆகும்.

துருவேறிய கம்பியின் அடிப்பக்கத்தை நகத்தால் தடவிப் பாருங்கள், மேலே பளபளப்பாகத் தெரிகிற கம்பிகூட அடியில், ஃபிரெட் தொடுகிற இடங்களில், சொரசொரவென்று இருக்கும். விரலை நகர்த்தும்போது தோலைக் கிழிப்பது அதுதான். அந்தக் கம்பிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மேல்பூச்சு உள்ள கம்பி வாங்குங்கள், விலை அதிகம்தான், ஆனால் கடற்கரையில் சாதாரணக் கம்பியைவிடப் பல மடங்கு நாள் தாங்கும். வாங்கும்போது 0.010 அல்லது 0.011 அங்குலத்தில் தொடங்கும் செட்டாகக் கேளுங்கள், கடையில் சும்மா கேட்டால் பெரும்பாலும் 0.012 கொடுப்பார்கள், அது தொடக்கக்காரர் விரலுக்குக் கடினம். வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழுமாகப் பிடித்து உருவித் துடையுங்கள். பிறகு உறைக்குள் வைத்து ஜிப்பை மூடுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள், ஆணியில் மாட்டி அழகு பார்க்கிற வழக்கம் உள்நாட்டு ஊர்களுக்குச் சரி.

ஜி கார்டில் சத்தம் வராததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். விரலை இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் வைத்தால் அதிக பலம் வேண்டும். ஃபிரெட் கம்பிக்கு ஒட்டி, அதன் பின்னால், தலைப்பக்கமாக வைத்தால் பாதி பலம் போதும். கார்டைப் பிடித்துக்கொண்டு ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், எது ஊமையாக இருக்கிறதோ அதைப் பக்கத்து விரல் சாய்ந்து தொடுகிறதா என்று கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். கம்பியை மாற்றி, உயரத்தை இறக்கியபின் ஒரு மாதம் வாசித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: விசைப்படகில் தொழிலுக்குப் போகிறேன். வயது 36. விரல் தடிமன், கயிறு இழுத்துக் காய்த்துப்போன கை. தடைக்காலத்தில் வீட்டில்தான் இருப்பேன், அந்த ரெண்டு மாசத்தில் கிட்டார் படிக்க முடியுமா? இந்தக் கைக்கு அது சரிப்படுமா? (இராமேஸ்வரம்)

சரிப்படும் அண்ணே. விரல் தடிமனானவர்களுக்கு எஃகுக் கம்பி கிட்டாரில் வருகிற தொல்லை, ஒரு கம்பியை அழுத்தும்போது பக்கத்துக் கம்பியையும் தொட்டுவிடுவது. எஃகுக் கம்பி கிட்டாரின் கழுத்து நட் அருகில் வழக்கமாக 43 மில்லிமீட்டர் அகலம்தான். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் அதே இடம் 52 மில்லிமீட்டர். அந்த ஒன்பது மில்லிமீட்டர் ஆறு கம்பிக்கும் பங்காகும்போது விரலுக்கு நல்ல இடம் கிடைக்கும்.

நான் இந்தக் கடற்கரையில் யார் கேட்டாலும் முதல் கிட்டாராக நைலான் கம்பி கிட்டாரைத்தான் சொல்வேன், உங்களுக்கு அதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். இழுவிசை குறைவு என்பதால் விரலுக்கு இதம். முதல் மூன்று கம்பியும் வெறும் நைலான், துரு என்ற பேச்சுக்கே இடமில்லை. மற்ற மூன்றும் வெள்ளி முலாம் பூசிய செம்பு சுற்றியவை, நிறம் மங்கும், துருப்பிடிக்காது. யமஹா சி40 மாதிரி ஒன்று தொடங்குவதற்குப் போதும். எஃகுக் கம்பியின் கணீர் சத்தம் இதில் வராது, அடித்து வாசிக்கிற பாட்டுக்கு அது கொஞ்சம் குறையாகத் தெரியும், அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

காய்ப்பைப் பற்றி. கயிறும் வலையும் காய்க்க வைப்பது உள்ளங்கையையும் விரல் மடிப்புகளையும். கிட்டாருக்கு வேண்டியது இடது கை நான்கு விரல்களின் நுனித் தோல் இறுகுவது, அது எல்லோருக்கும் போல உங்களுக்கும் மூன்று நான்கு வாரம் எடுக்கும். தொழில் முடித்துக் கரைக்கு வந்த கையோடு எடுத்து வாசிக்காதீர்கள், உப்புத் தண்ணீரில் ஊறிய தோல் மெத்தென்று இருக்கும், கம்பி எளிதில் உரித்துவிடும். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, தோல் காய்ந்தபின் எடுங்கள். முள் குத்தியோ தங்கூசி (நைலான் மீன்பிடி இழை) அறுத்தோ காயம் இருந்தால் ஆறும்வரை அந்த விரலுக்கு ஓய்வு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். தொடங்குவதற்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் நேரம் கிடைக்கிறது என்று ஒரே மூச்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் நாலாம் நாள் விரல் வீங்கிவிடும். காலையில் கால் மணி, மதியம் கால் மணி, இரவில் கால் மணி. அவ்வளவுதான், ஆனால் ஒரு நாளும் விடாமல்.

முதல் வாரம் இ மைனர் கார்டு ஒன்று போதும். நடுவிரல் ஐந்தாவது கம்பியிலும் மோதிரவிரல் நான்காவது கம்பியிலும், இரண்டுமே இரண்டாவது ஃபிரெட்டில். இத்தோடு ஆள்காட்டி விரலை மூன்றாவது கம்பியின் முதல் ஃபிரெட்டில் வைத்தால் இ மேஜர். அந்த மூன்று விரலையும் அமைப்புக் கலையாமல் அப்படியே ஒரு கம்பி கீழே, மெல்லிய கம்பிப் பக்கம் நகர்த்தினால் ஏ மைனர். ஒரே பிடி, இடம்தான் வேறு. புதிதாகக் கற்பவர்களுக்கு முதலில் ஜி கார்டைக் கொடுத்துக் கையை முறுக்க வைப்பதைவிட இந்த வழி எவ்வளவோ மேல் என்பது என் அபிப்பிராயம். இரண்டாம் வாரத்திலிருந்து இ-க்கும் ஏ மைனருக்கும் மாறி மாறிப் போவது மட்டுமே பயிற்சி. ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுத்தமாக மாறுகிறது என்று போனில் நேரம் வைத்து எண்ணுங்கள். அறுபது வந்தால் பாட்டுக்குள் போகலாம். பிறகு டி, ஜி, சி. எஃப் கார்டு பக்கம் இந்த வருடம் போகவே வேண்டாம்.

தடை முடிந்து படகு இறங்கியபின் தினமும் வாசிக்க முடியாது, தெரிந்ததுதான். கரையில் இருக்கிற நாட்களில் கால் மணி நேரம் எடுத்தால் படித்தது போகாது.

கேள்வி: போன் ஆப் வைத்து டியூன் பண்ணும்போது முதல் கம்பி பட்டென்று அறுந்துவிட்டது. பக்கத்தில் கடை இல்லை. வீட்டில் தங்கூசி கிடக்கிறது, கட்டலாமா? (ஏர்வாடி)

முதலில் எந்த கிட்டார் என்று பாருங்கள். எஃகுக் கம்பி கிட்டார் என்றால் வேண்டாம், இழுவிசை போதாமல் தொளதொளவென்று அடிக்கும். நைலான் கிட்டார் என்றால், அவசரத்துக்குக் கட்டலாம். இரண்டும் ஒரே சரக்குதான். ஆட்டு, மாட்டுக் குடலில் செய்த நரம்பைத்தான் அதுவரை கிட்டாரில் கட்டிக்கொண்டிருந்தார்கள், இரண்டாம் உலகப் போரில் அதற்குத் தட்டுப்பாடு வந்தபோது நியூயார்க்கில் ஆல்பர்ட் அகஸ்டின் என்ற கிட்டார் தச்சர் நைலான் இழையை எடுத்துக் கம்பியாகப் பயன்படுத்தத் தொடங்கினார், ஸ்பெயின் நாட்டு மேதை ஆந்த்ரே செகோவியா அதை ஏற்று மேடைகளில் வாசித்தார், அதற்குப் பிறகு உலகம் முழுக்க கிளாசிக்கல் கிட்டாரில் நைலான்தான்.

முதல் கம்பியின் கனம் சுமார் 0.7 மில்லிமீட்டர். அந்த அளவுத் தங்கூசி, அதுவும் புதிய சுருளிலிருந்து, எடுத்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போய் வந்த இழையில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். கிட்டார் கம்பியை நீளம் முழுக்க ஒரே கனமாக வரும்படி தேர்ந்தெடுத்துச் செய்கிறார்கள், மீன்பிடி இழைக்கு அந்த அவசியம் இல்லை. அதனால் திறந்த கம்பி சுருதியோடு நின்றாலும் மேலே ஏழு, எட்டாம் ஃபிரெட்டில் சுருதி விலகலாம். செட் வந்து சேரும்வரை சமாளிக்க அது போதும்.

ஒன்றை மட்டும் மறந்தும் செய்யாதீர்கள், நைலான் கிட்டாரில் எஃகுக் கம்பி கட்டாதீர்கள். நைலான் செட் முழுவதுமாக ஏறக்குறைய 40 கிலோ இழுக்கும், எஃகு செட் 70 கிலோவைத் தாண்டும். பிரிட்ஜ் பலகையோடு பெயர்ந்து வந்துவிடும்.

கம்பி ஏன் அறுந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ஆப்பில் இ என்று காட்டும்வரை முறுக்கியிருப்பீர்கள். முதல் கம்பியும் இ, ஆறாவது கம்பியும் இ. முதல் கம்பி 330 ஹெர்ட்ஸை ஒட்டி நிற்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டது தெரியாமல் அடுத்த இ வரட்டும் என்று முறுக்கிக்கொண்டே போனால் எந்தக் கம்பியும் அறுந்துதான் போகும். ஆப்பில் எழுத்தோடு கம்பி எண்ணையும் காட்டுகிற அமைப்பு இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கம்பியை நன்றாகத் தளர்த்திவிட்டுக் கீழிருந்து மெல்ல ஏற்றுங்கள்.

கேள்வி: துருப்பிடிக்காமல் இருக்கக் கம்பிக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிறேன், சரியா? (மண்டபம்)

வேண்டாம். எண்ணெய் சுற்றுக் கம்பிக்குள் இறங்கித் தூசியைப் பிடித்துக்கொள்ளும், ஒரே வாரத்தில் கம்பி செத்த மாதிரி ஒலிக்கும், கட்டையிலும் கறை ஏறும். காய்ந்த துணியால் துடையுங்கள், போதும்.

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது. கிட்டார் வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள். பெரியது வாங்கினால் பின்னாலும் உதவும் என்று அவள் அத்தா சொல்கிறார். அப்படி வாங்கலாமா? (கீழக்கரை)

வேண்டாம் சகோதரி, வளர்ந்தால் போட்டுக்கொள்ளலாம் என்று எடுக்கிற பாவாடை இல்லை இது. முழு அளவு கிட்டார் 40 அங்குல நீளம் இருக்கும், ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தோள் தூக்கிக்கொள்ளும், முதல் ஃபிரெட்டைத் தொட முழங்கை நேராக நீண்டுவிடும். முக்கால் அளவு, அதாவது 36 அங்குலம் சுமாருக்கு வருகிற நைலான் கம்பி கிட்டார் பாருங்கள். மடியில் வைத்து முதல் ஃபிரெட்டில் விரல் வைத்தால் முழங்கை வசதியாக மடங்கி இருக்க வேண்டும், அதுதான் அளவு.

அதுவும் பெரிதாகத் தெரிந்தால் உகுலேலே நல்ல தொடக்கம். நான்கே நைலான் கம்பி. கிட்டாரின் முதல் நான்கு கம்பிகளில் ஐந்தாம் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை ஒன்றாக அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டால் என்ன பிடிகளோ அவையேதான் இதிலும், எனவே பிள்ளை பிறகு கிட்டாருக்கு மாறும்போது படித்தது வீணாகாது. இடது கை நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், வலது கையில் கொஞ்சம் இருக்கலாம். மருதாணி தாராளமாக வைத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிறேன். எனக்கு ஜி, சி, டி, இ மைனர் நன்றாக வரும். பாடுகிற அக்கா சுருதியை மாற்றினால் திணறிவிடுகிறேன். இன்னொன்று, பிக்கப் கிட்டாரை ஆம்பிளிஃபயரில் மாட்டிவிட்டு மைக்கில் வாய் பட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கிறது. (தங்கச்சிமடம்)

ஷாக்கை முதலில் பார்ப்போம், அதுதான் அவசரம். அது சரியாகும்வரை அந்த ஆம்பில் மாட்டி வாசிக்காதீர்கள் தம்பி, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கிட்டாரின் உலோகப் பாகங்கள் ஒயர் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கும். மைக்கின் உலோக வலை மிக்சரின் எர்த்தோடு இணைந்திருக்கும். இரண்டு எர்த்தும் ஒரே நிலையில் இருந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு பக்கம் எர்த் அறுந்திருந்தால், கை ஒன்றையும் உதடு மற்றொன்றையும் தொடும்போது மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகப் பாயும். மூன்று பின் பிளக்கில் பெரிய பின்னை யாராவது உடைத்துவிட்டு இரண்டு பின் அடாப்டரில் மாட்டியிருக்கிறார்களா பாருங்கள், பல இடங்களில் கதை அதோடு முடிந்துவிடும். அது சரியாக இருந்தால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உப்பு மண்ணில் எர்த் கம்பி இணைப்பு அரித்துப்போய் வெளியில் பார்க்க முழுதாக நிற்கும், உள்ளே தொடர்பே இருக்காது. ஆம்ப், மிக்சர் இரண்டையும் ஒரே போர்டிலிருந்து எடுங்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று அந்த லைனில் போடச் சொல்லுங்கள். இதைப் பங்குத்தந்தையிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள், அடுத்த ஞாயிறுக்குள் முடிய வேண்டிய வேலை.

சுருதிக்கு வருகிறேன். நீங்கள் புதுக் கார்டுகள் தேட வேண்டியதில்லை, கேப்போ ஒன்று போதும். ஜி கார்டு என்பது பாடுகிறவர்கள் சொல்லும் சுருதிக் கணக்கில் ஐந்து கட்டை. கேப்போவை இரண்டாம் ஃபிரெட்டில் போட்டு அதே ஜி பிடியைப் பிடித்தால் ஏ, அதாவது ஆறு கட்டை. ஒரு ஃபிரெட்டுக்கு அரைச் சுரம் ஏறும். அக்கா ஐந்தரைக் கட்டையில் பாடினால் முதல் ஃபிரெட்டில் போடுங்கள். நான்கு கட்டைக்கு இறங்கினால் சி பிடியை எடுத்துக் கேப்போவை ஐந்தாம் ஃபிரெட்டில் போடுங்கள். கேப்போவை ஃபிரெட்டுக்கு ஒட்டி, அதன் பின்னால் போட வேண்டும், நடுவில் போட்டால் சுருதி கூடிவிடும்.

கேள்வி: எங்கள் தாத்தா கரைவலை இழுக்கும்போது அம்பா (வலை இழுக்கிற பாட்டு) பாடுவார். இப்போது வயதாகிவிட்டது. அதை கிட்டாரில் வாசிக்க ஆசை, எந்த கார்டு போட்டாலும் ஒட்டவில்லை. (தொண்டி)

இந்தக் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். கிட்டாரைத் தொடுவதற்கு முன்னால் தாத்தாவைப் பாடச் சொல்லிப் போனில் பதிவு செய்துவிடுங்கள், இந்த வாரமே. ஒரு தடவை தனியாகப் பாடட்டும், இன்னொரு தடவை அவரோடு வலை இழுத்த யாராவது இருந்தால் கூட்டிவைத்து, அவர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுகிற மாதிரிப் பதியுங்கள். இழுக்கிற மூச்சு எங்கே விழுகிறது என்று அப்போதுதான் தெரியும்.

கார்டு ஒட்டாததற்குக் காரணம் இருக்கிறது. மேஜர், மைனர் என்று நாம் பிடிக்கிற ஒவ்வொரு கார்டும் இதுதான் காந்தாரம் (ஸ ரி க என்பதில் வரும் க) என்று முடிவு செய்துவிடுகிறது. தாத்தா பாடுகிற காந்தாரம் அந்த இரண்டுக்கும் நடுவில் அசைந்துகொண்டிருக்கலாம், அடிக்கு அடி மாறலாம். காந்தாரமே இல்லாத பிடி ஒன்று இருக்கிறது. ஐந்தாவது கம்பியைத் திறந்து விடுங்கள், நான்காவது கம்பியில் இரண்டாவது ஃபிரெட்டை அழுத்துங்கள், இந்த இரண்டை மட்டும் மீட்டுங்கள். சட்ஜமும் (ஸ) பஞ்சமமும் (ப) மட்டும் கேட்கும், தம்புரா போல. அவர் எந்தக் காந்தாரத்தைப் பாடினாலும் இது இடிக்காது. அவர் சட்ஜம் வேறு இடத்தில் இருந்தால் கேப்போவை நகர்த்தி அவர் குரலுக்கு வாருங்கள், அவரை உங்கள் கிட்டாருக்கு இழுக்காதீர்கள்.

தாளத்தை இணையப் பாடத்தில் வருகிற ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற எண்ணிக்கையில் திணிக்க வேண்டாம். அவர் அடி எடுக்கும்போது கை சும்மா இருக்கட்டும், கூட்டம் வாங்குகிற இடத்தில், இழுப்பு விழுகிற அந்த இடத்தில் மட்டும் ஓங்கி ஒரு மீட்டு. பாட்டுக்கு அது போதுமா என்று தாத்தாவிடமே கேளுங்கள்.

கேள்வி: நான்கு வருடம் கர்நாடக சங்கீதம் வாய்ப்பாட்டு படித்தேன். ஆசிரியர் இல்லாமல் யூடியூப் பார்த்தே கிட்டார் கற்க முடியுமா? (இராமநாதபுரம்)

முடியும், உங்களுக்குக் காது ஏற்கெனவே பழகியிருப்பதால் மற்றவர்களைவிட எளிது. வீடியோவில் கிடைக்காதது ஒன்றே ஒன்று, உங்கள் மணிக்கட்டு தப்பாக மடங்கியிருப்பதை அது பார்க்காது. ஆகவே மாதம் ஒருமுறையாவது வாசிக்கத் தெரிந்த ஒருவர் முன்னால் உட்கார்ந்து வாசியுங்கள். ஒரே ஒரு பாட வரிசையைத் தேர்ந்தெடுத்து முதல் பாடத்திலிருந்து கடைசிவரை போங்கள், இன்று ஒருவர் நாளை ஒருவர் என்று தாவினால் ஆறு மாதத்திலும் நிற்கிற இடத்திலேயே நிற்பீர்கள்.

தெரிந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். சட்ஜத்தை ஐந்தாவது கம்பி மூன்றாவது ஃபிரெட்டில் வையுங்கள், அது ஒரு கட்டை. ரிஷபம் நான்காவது கம்பியைத் திறந்து விட்டால் வரும், காந்தாரம் அதே கம்பியில் இரண்டாவது ஃபிரெட், மத்யமம் மூன்றாவது. பஞ்சமம் மூன்றாவது கம்பி திறந்தபடி, தைவதம் அதில் இரண்டாவது ஃபிரெட். நிஷாதம் இரண்டாவது கம்பி திறந்தபடி, மேல் சட்ஜம் அதன் முதல் ஃபிரெட். சங்கராபரணம் ஆரோகணம் கைக்கு வந்துவிட்டது. மத்யமத்தையும் நிஷாதத்தையும் விட்டால் மோகனம். சரளி வரிசையை இதில் மூன்று காலத்திலும் வாசியுங்கள், எந்த வெளிநாட்டுப் பயிற்சிக்கும் இளைத்தது இல்லை. சுரத்தை அசைத்து வாசிக்கிற கமகத்துக்கு அவசரப்பட வேண்டாம், ஃபிரெட் மேல் கம்பியை இழுத்து வளைக்க விரலுக்கு இன்னும் பலம் ஏற வேண்டும், ஆனால் அது முடியாத காரியமும் இல்லை, ஆர். பிரசன்னா கிட்டாரில் முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்கிறார், தேடிக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு இடது கைப் பழக்கம். இடது கை கிட்டார் கடைகளில் இல்லை. சாதாரண கிட்டாரில் கம்பியைத் திருப்பிக் கட்டினால் போதுமா? (பெரியபட்டினம்)

கம்பியை மட்டும் திருப்பினால் போதாது. நட் பள்ளங்களின் அகலம் மாற வேண்டும், எஃகுக் கம்பி கிட்டார் என்றால் சேடில் சாய்வும் எதிர்ப்பக்கம் ஆக வேண்டும், இல்லையென்றால் சுருதி நிற்காது. நைலான் கிட்டாரில் சேடில் பெரும்பாலும் நேராக இருப்பதால் நட்டை மட்டும் மாற்றிச் சமாளிக்கலாம்.

அதற்கு முன் ஒரு வாரம் சாதாரண கிட்டாரை வலது கைக்காரர் மாதிரியே பிடித்து முயன்று பாருங்கள். கார்டு பிடிக்கிற நுணுக்கமான வேலை இடது கைக்குத்தான், உங்களுக்கு அது வசதியாகவே அமையலாம். அப்படிப் பழகினால் யார் வீட்டுக் கிட்டாரையும் எடுத்து வாசிக்கலாம். ஒரு வாரத்துக்குப் பிறகும் மீட்டுகிற வலது கை தாளத்தோடு ஒட்டாமல் முரண்டு பிடித்தால் தயங்காமல் இடது கை கிட்டாரை ஆன்லைனில் ஆர்டர் செய்யுங்கள், வந்ததும் முதல் கேள்வியில் சொன்ன ஏடிஎம் அட்டைச் சோதனையைச் செய்துவிட்டு, உயரம் அதிகமாக இருந்தால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் முடிவெடுங்கள்.